வெப் அப்ளிகேஷன் கட்டப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்டவையும், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர்ப் பக்கமிருந்து போனில் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பதில்களில் ஒரே உதாரணம் திரும்பத் திரும்ப வரும். அது பனியன் கம்பெனியின் ஜாப் ஒர்க் சலான் நோட்டு. வெட்டின பீஸ் வெளியே தைக்கப் போகிறது. எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது, டேமேஜ் எத்தனை, கூலி எவ்வளவு என்பதுதான் அந்த நோட்டில் இருக்கும் கணக்கு. இந்த ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

வெப்சைட்டுக்கும் வெப் அப்ளிகேஷனுக்கும் என்னங்க வித்தியாசம்?

கடை முகவரியும் நாலு போட்டோவும் இருந்தால் அது வெப்சைட். நீங்கள் ஒரு எண்ணைத் தட்டியதும் பக்கம் வெள்ளையாகி மறுபடி ஏறாமல், பட்டியலும் மொத்தமும் அங்கேயே மாறினால் அது அப்ளிகேஷன்.

இதற்குக் கொஞ்சம் பழைய கதை உண்டு. 2002இல் மேக்ரோமீடியா இந்த மாதிரி மென்பொருளுக்கு 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' என்று பெயர் வைத்து, ஃபிளாஷை அடித்தளமாக்கியது. 2004இல் ஃபிளெக்ஸ் வந்தது, 2007இல் மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட்டைக் கொண்டுவந்தது. எல்லாமே பிரவுசருக்குள் தனியாக ஏற்ற வேண்டிய பிளக்இன்னை நம்பியவை. இன்னொரு பக்கம், 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 ஒரு சின்ன வசதியைக் கொடுத்திருந்தது: பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் சர்வரிடம் தகவல் கேட்கலாம். 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் அந்த வழியில் போன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே 2005இல் அதற்கு 'ஏஜாக்ஸ்' என்ற பெயரும் விழுந்தது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது, சில்வர்லைட் 2021 அக்டோபரில் போனது. பிளக்இன்னை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. பிரவுசருக்கே தெரிந்த மொழிகளான ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பிரேம்வொர்க் எதுக்குங்க? வெறும் ஜாவாஸ்கிரிப்ட்லயே எழுதீட்டுப் போகக் கூடாதுங்களா?

எழுதலாம். பிரேம்வொர்க் என்பது எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவாகத் தேவைப்படுவதை முன்பே எழுதி வைத்த சட்டகம். அது இல்லாமல் முதலில் ஒரு தடவை அப்படித்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அப்போதுதான் வலி எங்கே என்று தெரியும்.

சலான் திரையில் மூன்று இடம் வையுங்கள். மேலே மொத்த பாக்கி, நடுவில் சலான் பட்டியல், ஓரத்தில் பார்ட்டிவாரி, அதாவது தைத்துக் கொடுப்பவர்வாரி, பாக்கி. 600 பீஸ் போயிருக்கிறது, 480 வந்துவிட்டது என்று பதிகிறீர்கள். மூன்று இடத்தையும் நீங்களே தேடிப்போய் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் பட்டியலில் பாக்கி 120 என்றும் ஓரத்தில் 600 என்றும் நிற்கும். முதலாளி அதைப் பார்த்தால் அடுத்த நாளே பழைய நோட்டுக்குப் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டேமேஜ், ரீவொர்க், பாதி டெலிவரி என்று வசதி கூடக் கூட, மாற்ற வேண்டிய இடமும் கூடிக்கொண்டே போகும்.

பிரேம்வொர்க் செய்வது இதற்கான மருந்து. தகவலை ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறது. அதற்குப் பெயர் ஸ்டேட். இந்த ஸ்டேட் இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஸ்டேட் மாறியதும் திரையை மாற்றுவது அதன் வேலை. ரியாக்ட் என்ற பிரேம்வொர்க், திரையின் நகல் ஒன்றை நினைவகத்தில் போட்டுப் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் தொடுகிறது. வியூ, எந்தத் தகவலை எந்தப் பகுதி படித்தது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்வெல்ட் இந்த வேலையில் பெரும்பகுதியைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது பிரவுசருக்குப் போகும் முன்பே, முடித்துவிடுகிறது. வழி வேறு, நோக்கம் ஒன்று.

கம்போனென்ட் என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. கட்டிங் மாஸ்டர் அட்டையில் ஒரு பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொண்டு எத்தனை லேயர் துணியானாலும் அதையே வைத்து வெட்டுகிறாரே, அதுதான். ஒரு சலான் வரி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முறை எழுதினால் ஐந்நூறு சலானுக்கும் அதே.

எங்கே எதை ஸ்டேட்டாக வைப்பது என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். மொத்த பாக்கியை ஸ்டேட்டில் வைக்காதீர்கள். போனதும் வந்ததும் டேமேஜும் இருந்தால் பாக்கியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கணக்கிட முடிந்த ஒன்றைத் தனியாகச் சேமித்தால், பழைய வலியைப் பிரேம்வொர்க்குக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட்... எதைத்தானுங்க எடுக்கறது?

வேலை தேடுகிறீர்கள் என்றால் ரியாக்ட் அல்லது ஆங்குலர். கோயம்புத்தூரில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் நீங்கள் போக நினைக்கும் கம்பெனிகளின் வேலை விளம்பரத்தைப் பத்து எடுத்துப் பாருங்கள், எது அதிகம் வருகிறதோ அது. சொந்தமாகச் சின்ன யூனிட்டுகளுக்குச் செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வியூ போதும், படிக்கச் சுலபம்.

ரியாக்ட் 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. திரை மட்டும்தான் அதன் பொறுப்பு. பக்கம் மாற்றுவது, ஃபார்ம் சரிபார்ப்பது போன்றவற்றுக்கு நீங்கள் தனியாக லைப்ரரி தேட வேண்டும். ஆங்குலரில் அவையெல்லாம் கூடவே வரும், அதனால் முதலில் கனமாகத் தெரியும். 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் வேறு, 2016இல் அடியோடு மாற்றி எழுதப்பட்ட ஆங்குலர் வேறு. பழையதன் ஆதரவு 2021 டிசம்பர் கடைசியோடு முடிந்தது. யூடியூபில் பாடம் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். வியூவிலும் இரண்டாம் பதிப்பின் காலம் 2023 டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது, மூன்றைத்தான் படிக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரு அப்ளிகேஷனை முழுதாக முடிக்கும்வரை தாவாதீர்கள். மூன்று பிரேம்வொர்க்கில் 'டு-டு லிஸ்ட்' கட்டியவரைவிட, ஒன்றில் லாகின், பிரின்ட், பேக்அப் வரை போனவருக்கு விஷயம் தெரியும்.

அதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சிருக்கோணும்?

ஹெச்டிஎம்எல்லில் ஃபார்ம். சிஎஸ்எஸ்ஸில் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட். ஜாவாஸ்கிரிப்ட்டில் அர்ரே, ஆப்ஜெக்ட், ஃபங்ஷன், பிறகு மேப், ஃபில்டர், ரெட்யூஸ் மூன்றும் கை பழகியிருக்க வேண்டும். பார்ட்டிவாரியாகக் கூட்டுவதற்கு ரெட்யூஸ் இல்லாமல் ஓட்டலாம், ஆனால் அடுத்தவர் எழுதியதைப் படிக்க முடியாது. சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பிராமிஸ், அசிங்க்-அவெய்ட் இரண்டும் புரியாமல் பிரேம்வொர்க்குக்குள் போனால் எது ஜாவாஸ்கிரிப்ட், எது ரியாக்ட் என்றே தெரியாது. தகவலின் வகையையும் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்டான டைப்ஸ்கிரிப்ட், முதல் அப்ளிகேஷனுக்குப் பிறகு வரட்டும். ஆங்குலர் எடுத்தால் மட்டும் அது முதல் நாளே வந்துவிடும்.

நான் பி.காமுங்க. இன்ஜினியரிங் படிக்கலையே?

நல்லதாகப் போயிற்று. ஒரு முறை போட்ட என்ட்ரியை அழிக்கக் கூடாது, தப்பென்றால் எதிர் என்ட்ரி போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதை இன்ஜினியரிங் முடித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு பொழுது ஆகிறது.

தமிழ் மீடியமுங்க. இங்கிலீஷ் தகராறு.

பிழைச் செய்தியில் முதல் வரியையும் வரி எண்ணையும் மட்டும் படியுங்கள், கீழே நீளமாக வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டாக்குமெண்டில் வரும் சொற்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். குறிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வேரியபிள் பெயரைக்கூடத் தமிழில் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். பழகும்போது 'பாக்கி', 'கூலி' என்று வைத்து எழுதிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. வேலைக்குப் போனால் அங்கே உள்ள வழக்கப்படி.

சர்வர் பக்கம் எது வேணுங்க?

தனி ஆள் என்றால் பைத்தான் மொழியில் எழுதும் பிரேம்வொர்க்கான ஜாங்கோ. 2005இலிருந்து இருக்கிறது. லாகின், டேட்டாபேஸ், அட்மின் திரை எல்லாம் கூடவே கிடைக்கிறது. பார்ட்டி பட்டியலை நிர்வகிக்கத் தனித் திரை எழுத வேண்டியதில்லை. பிஹெச்பி தெரிந்தவர்களுக்கு லாராவெல், விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் ஓட்டிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற ஒரே மொழியோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் நோட்.ஜேஎஸ்.

டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ். பார்ட்டி, சலான், ரசீது மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்ட தகவல். டேபிள்களும் அவற்றுக்கிடையே உறவும் உள்ள டேட்டாபேஸ்தான் இதற்குப் பொருத்தம். வரவும் கூலியும் சேர்ந்து பதிய வேண்டும், இல்லையென்றால் இரண்டும் பதியக் கூடாது. டிரான்ஸாக்ஷன் அதற்குத்தான்.

திரையில் சரிபார்த்துவிட்டோம், சர்வரில் எதற்கு மறுபடி என்று கேட்கிறார்கள். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிந்த யாரும் உங்கள் திரையைத் தாண்டி நேராகச் சர்வருக்கு மைனஸ் 500 பீஸ் அனுப்பலாம். திரையில் சரிபார்ப்பது பயனருடைய வசதிக்கு, சர்வரில் சரிபார்ப்பது உங்கள் பாதுகாப்புக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல அப்ளிகேஷனுக்கு ரியாக்ட் தேவையே இல்லை. ஜாங்கோவே பக்கத்தை முழுதாகச் செய்து அனுப்பி, மாற வேண்டிய துண்டுகளுக்கு மட்டும் ஹெச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன லைப்ரரியைப் போட்டால், பத்துப் பேர் பார்க்கும் சலான் நோட்டு அழகாக ஓடும். நெட் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும், ஒரே திரையில் பல இடம் சேர்ந்து மாற வேண்டும் என்றால்தான் பிரவுசர் பக்க பிரேம்வொர்க் தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

கூலி கணக்குல பைசா இடிக்குதுங்க. என்ன தப்பு?

உங்கள் தப்பில்லை, தசம எண்ணைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும் விதம் அப்படி. ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். பீஸ் ரேட் 4.35, 100 பீஸ். விடை 435 வர வேண்டும், வருவது 434.99999999999994. தசமத்தை வெட்டித் தள்ளுகிற இடம் ஒன்று இருந்தால் ஒரு ரூபாய் போச்சு. சனிக்கிழமை சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும் ஆளிடம் மிதவைப் புள்ளி எண்ணைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. பணத்தைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள்: 435 பைசா. காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா போட பிரவுசரிலேயே இந்திய வடிவம் இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டாம்.

தேதியிலும் இதே மாதிரி ஒரு குழி. நைட் ஷிஃப்டில் 5ஆம் தேதி விடிகாலை 2 மணிக்குப் பதிந்த என்ட்ரி 4ஆம் தேதியில் போய் நிற்கும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நேரத்தைப் பொது நேரத்துக்கு மாற்றி அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் முந்தின நாள்தான் கிடைக்கும். மார்ச் 31 ராத்திரி தாண்டிப் போட்ட என்ட்ரி இப்படி நழுவினால் நிதியாண்டே மாறிவிடும். சலான் தேதியை நேரமில்லாத வெறும் தேதியாகச் சேமியுங்கள், பதிந்த நேரத்தை வேறு பத்தியில் வையுங்கள்.

பார்ட்டி பேரு தமிழ்ல இருக்குதுங்க, தேடுனா கிடைக்க மாட்டேங்குது.

'கொடுமுடி' என்று தட்டுகிறீர்கள். முதல் எழுத்தான 'கொ'வைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு துண்டாக, அல்லது ககரம், எகரக் குறி, கால் என மூன்று துண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும்போது வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வரி.

எழுத்து எண்ணிக்கையும் ஏமாற்றும். 'தறி' நமக்கு இரண்டெழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மூன்று. பத்து எழுத்தோடு வெட்டச் சொன்னால் புள்ளியோ கொம்போ அறுந்து தொங்கும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க 'Intl.Segmenter' என்று பிரவுசரிலேயே ஒன்று இருக்கிறது. அகர வரிசைக்கும் தமிழ் என்று குறிப்பிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பழைய பில்லிலிருந்து ஒட்டினால் கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்து வருகிறதா? அது பாமினி போன்ற பழைய ஃபான்ட். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பட்டனில் 'சேமிக்கவும்' என்று எழுதாமல் 'சேமி' என்று எழுதுங்கள், போன் திரையில் இடம் மிச்சம்.

குடோன்ல சிக்னல் இல்லீங்க. தாளவாடிப் பக்கம் போனா சுத்தமா இல்ல.

சர்வீஸ் ஒர்க்கர் என்பது பிரவுசரில் உங்கள் அப்ளிகேஷனுக்கும் நெட்டுக்கும் நடுவே உட்காரும் ஸ்கிரிப்ட். திரைக்கான கோப்புகளை அது சேமித்து வைத்துக்கொள்ளும், நெட் இல்லாவிட்டாலும் பக்கம் திறக்கும். பதியும் தகவலை, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்ட்டிபியில் வையுங்கள். நெட் வந்ததும் வரிசையாக அனுப்புங்கள். சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் லோக்கல்ஹோஸ்ட்டைத் தவிர மற்ற இடங்களில் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் இது வேலை செய்யாது.

இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. அனுப்பினோம், சர்வர் பதிந்துவிட்டது, பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. போன் மறுபடி அனுப்பும். ஒரே சலான் இரண்டு முறை ஏறும். ஒவ்வொரு சலானுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் 'ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சொல்லட்டும். இரண்டு பேர் ஒரே சலானைத் திருத்தினால் யாருடையது நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதலாளியைக் கேளுங்கள்.

ஏஐ கிட்டச் சொன்னா அதுவே எழுதித் தருதுங்களே?

தரும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வரி வரியாகப் படித்துவிட்டு ஒட்டுங்கள். சில நேரம் பழைய பழக்கத்தில், ரியாக்ட் அப்ளிகேஷனைத் தொடங்கிக் கொடுக்கும் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியை வைத்துத் தொடங்கச் சொல்லும். அதை 2025 பிப்ரவரியிலேயே ஓரங்கட்டிவிட்டார்கள், இப்போது வீட் (Vite) போன்ற கருவிகள்தான். டேமேஜ் பீஸுக்குக் கூலி உண்டா, பிடித்தம் உண்டா, எந்தப் பார்ட்டிக்கு எப்படி என்பது உங்கள் கம்பெனிக்குள் இருக்கும் விதி. அதை நீங்கள் சொல்லாமல் எதற்கும் தெரியாது.

எவ்வளவு நாளாகும்? கோர்ஸ் சேரோணுமா?

தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறேழு மாதத்தில் ஒரு உருப்படியான அப்ளிகேஷன் கையில் இருக்கும். எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற பாட வெப்சைட்டுகள், பிரேம்வொர்க்கின் சொந்த டாக்குமெண்ட் எல்லாம் இலவசம். எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். காசு கட்டிச் சேர்வதானால், போன பேட்ச் மாணவர்கள் கட்டிய மூன்று அப்ளிகேஷனை லிங்க்கோடு காட்டச் சொல்லுங்கள். சர்டிஃபிகேட்டைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சலான் நோட்டு தவிர வேற என்ன கட்டிப் பழகலாம்?

உங்கள் ஊரில் என்ன ஓடுகிறதோ அது. நாமக்கல் என்றால் கோழிப்பண்ணையின் தினசரி முட்டை வரவு. ட்ரேக்கு 30 என்று எண்ணிக்கையும் உடைசலும் வரும், வரைபடம் போடப் பழகலாம். சோமனூர் என்றால் தறிக்கு மீட்டர் கூலி. கரூர் என்றால் பஸ் பாடி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் பலகை. ஈரோட்டுக்காரர்கள் மஞ்சள் ஏலத்தை மாதிரியாக எடுங்கள்: விரலி, கிழங்கு என்று தனித்தனி லாட், விலை ஏற ஏற எல்லார் திரையிலும் உடனே மாற வேண்டும். சர்வர் தானாகவே திரைக்குத் தகவல் அனுப்ப வழிசெய்யும் வெப்சாக்கெட்டைக் கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கட்டினதை எங்க ஏத்தறது?

சர்வர் இல்லாத திரை மட்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேரில் இலவசமாக ஏற்றலாம். சர்வரும் டேட்டாபேஸும் இருந்தால் சின்ன விபிஎஸ் ஒன்று, அதாவது வாடகைச் சர்வர். பாஸ்வேர்டையும் சாவிகளையும், கோடை வைக்கும் கிட்டில் (Git) போடாதீர்கள். தினசரி பேக்அப் எடுங்கள், அதைத் திரும்ப ஏற்றி ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆட்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவை தேவையில்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது.

நல்லாத்தானுங்க கட்டிக் கொடுத்தேன். கம்பெனில யாரும் தொட மாட்டேங்கறாங்க.

அக்கவுன்டன்ட் பின்னால் நின்று அரைமணி நேரம் பேசாமல் பாருங்கள். வருஷக்கணக்காக டேலியில் என்டர் தட்டித் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போய்ப் பழகிய கை அது. உங்கள் ஃபார்மில் என்டர் தட்டியதும் பாதி நிரப்பிய சலான் சேமிக்கப் போய்விடுகிறது. அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், பழைய நோட்டை எடுத்துக்கொள்வார். என்டர் அடுத்த கட்டத்துக்குப் போகட்டும், கடைசிக் கட்டத்தில் மட்டும் சேமிக்கட்டும். மவுஸைத் தொடாமல் ஒரு சலானை முழுதாகப் போட முடிகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சூப்பர்வைசர் போனில் பதிகிறார் என்றால் எண்ணிக்கைக் கட்டத்தில் எண் விசைப்பலகை மட்டும் வர வேண்டும். இன்புட்மோட் என்று ஹெச்டிஎம்எல்லில் ஒரு பண்பு, அதில் நியூமெரிக் என்று போட்டால் போதும். பார்ட்டி பெயரில் முதல் இரண்டெழுத்துக்கே பட்டியல் விழட்டும். பஞ்சுத் தூசி படிந்த விரலால் தட்டுவார், பட்டன் பெரிதாக இருக்கட்டும். சலானை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பட்டன், ஏ5 தாளில் அடங்கும் பிரின்ட். முதல் மாதம் நோட்டும் ஓடட்டும், திரையும் ஓடட்டும். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ திங்கட்கிழமை அதைத் திருத்துங்கள்.